மாமனார் சிரித்த ஐம்பத்திரண்டு விநாடி

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு லிஃப்ட் மெக்கானிக்கின் வீட்டுக் கம்ப்யூட்டர் ‘டொக்’ என்றது. கொஞ்சம் யோசித்துவிட்டு மறுபடியும் ‘டொக்’ என்றது. வேறு யாராவது கேட்டிருந்தால் பக்கத்து வீட்டில் ஆணி அடிக்கிறார்கள் என்று விட்டிருப்பார்கள். மெக்கானிக் இருபத்திரண்டு வருடமாக இயந்திரங்களின் முனகலைக் கேட்டே சம்பளம் வாங்குகிறவர். பெட்டியில் காதை வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஐந்து டொக் எண்ணினார்.

“ஹார்ட் டிஸ்க் போகப்போகுது,” என்றார்.

அவர் மனைவி ஒரு பெரிய மருத்துவமனையில் படுக்கை விரிப்புகளை வெளுத்து அடுக்கும் பிரிவுக்கு மேற்பார்வையாளர். தினம் இரண்டாயிரம் விரிப்பு கைமாறும் இடத்தில் ஒரு தலையணை உறையைக்கூடத் தொலையவிடாதவர். மடித்துக்கொண்டிருந்த துண்டை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்தார்.

“எங்கப்பா அதுலதானே இருக்கார்?”

அப்பா என்றால் மெக்கானிக்கின் மாமனார். பரீட்சைகளை நடத்தும் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். எழுபத்தோரு வயது வரை அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை. அடர்ந்த மீசைக்குக் கீழிருந்து வார்த்தைகள் வரும், அவ்வளவுதான். ஆறு வருடத்துக்கு முன்னால் மகளின் இருபதாவது திருமண நாளன்று வீட்டில் பத்துப் பேர் கூடியிருந்தார்கள். நன்றி சொல்ல மெக்கானிக் எழுந்தார். கைப்பிடி வைத்த பிளாஸ்டிக் நாற்காலியும் அவரோடு எழுந்தது. அவருக்குத் தெரியவில்லை. “மாமா எனக்கு அப்பா மாதிரி” என்று சொல்லி நாலு பக்கமும் திரும்பிக் குனிந்து கும்பிட்டார். முதல் கும்பிடுக்குத் தண்ணீர் ஜாடி போனது. இரண்டாவதுக்கு கேக். மூன்றாவதுக்கு மாமனாரின் கண்ணாடி மூக்கிலிருந்து கழன்றது. அப்போதுதான் அது நடந்தது. முதல் எட்டு விநாடி அது சிரிப்பென்றே யாருக்கும் புரியவில்லை; துருப்பிடித்த கடை ஷட்டரைத் தூக்குவது போலிருந்தது. பிறகு ஷட்டர் முழுசாகத் திறந்துகொண்டது. மொத்தம் ஐம்பத்திரண்டு விநாடி. அதன்பின் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்து, அதை நாலாக மடித்துப் பையில் வைத்து, “சரி, மேல பேசுங்க மாப்பிள்ளை” என்றார். அதற்கப்புறம் சிரிக்கவில்லை. இரண்டு வருடம் கழித்துக் காலமானார்.

கணவனின் பேச்சைப் படம் பிடிக்க மனைவி வைத்திருந்த ஃபோனில் அத்தனையும் பதிவாகியிருந்தது. அந்த ஃபோன் எப்போதோ செத்துவிட்டது. வீடியோ கம்ப்யூட்டரில் மட்டும் இருந்தது, பதினோராயிரம் புகைப்படங்களுக்கு நடுவே.

அவசரத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. மனைவியின் தங்கை கப்பலில் சமையல்காரி. அப்பாவுக்கும் அவளுக்கும் கடைசிப் பத்து வருடம் பேச்சே இல்லை. அவள் பரீட்சையில் பிட் அடித்ததைக் கண்டுபிடித்து விடைத்தாளை ரத்து செய்தவர் அப்பாதான். “அப்பாவாவது சிரிக்கிறதாவது, வீடியோவை அனுப்பாதே, நேர்ல வந்து பாத்தாத்தான் நம்புவேன்” என்று ஆறு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தவள், இப்போது விடுப்பில் வருகிறாள். இன்னும் பன்னிரண்டு நாளில்.

“ஒரு டிஸ்க் வாங்கி எல்லாத்தையும் காப்பி பண்ணிடுங்க, அரை மணி வேலை,” என்றார் மனைவி.

அது உண்மைதான். அரை மணி நேர வேலைதான்.

கடைக்காரர் டிஸ்க்கை எடுத்துக் காட்டிவிட்டு மறுபடி உள்ளே வைத்துக்கொண்டார். “வாரியத்தோட அனுமதிச் சீட்டு இருக்கா? அது இல்லாம இதை விக்கக்கூடாதுங்க.”

திங்கட்கிழமை மெக்கானிக் இல்லக் கோப்புக் காப்பு வாரியத்துக்குப் போனார். நாலு மாடிக் கட்டிடம். வாசலில் பித்தளைப் பலகையில் வாரியத்தின் கொள்கை பொறிக்கப்பட்டிருந்தது: ‘ஒன்று போனால் இரண்டு. இரண்டு போனால் மூன்று. மூன்றும் போனால் விண்ணப்பம்.’

நகல் பிரிவில் ஓர் எழுத்தர் அம்மாள் உட்கார்ந்திருந்தார்.

“வீட்டு ஃபைலையெல்லாம் ஒரு காப்பி எடுத்து வச்சுக்கணும்மா. டிஸ்க் வாங்க அனுமதி வேணும்.”

“ஒரு காப்பியா?” அம்மாள் பேனாவைக் கீழே வைத்தார். “ஒரே ஒரு காப்பி எடுக்கவா இவ்வளவு பெரிய கட்டிடம் கட்டி வச்சிருக்கோம்? மூணு காப்பி. ரெண்டு வகைப் பெட்டி. அதுல ஒண்ணு வேற வீட்ல இருக்கணும். அதுதான் விதி.”

மெக்கானிக்குக்கு மனம் குளிர்ந்துவிட்டது. “ரொம்ப நல்ல விதிங்க! லிஃப்ட்லயும் அப்படித்தான். ஒரு கயிறே தாங்கும். ஆனாலும் அஞ்சு கயிறு போடுவோம்.”

“விதி நல்லதா கெட்டதான்னு பாக்கறது நாலாவது மாடி. நான் படிவம் மட்டுந்தான்.”

படிவம் பதினோரு பக்கம். ஆறாவது கட்டத்தில் ‘தொலையவிருக்கும் கோப்புகளின் விவரம்’ என்றிருந்தது. ஏழாவதில் ‘தொலையும் தேதி’. எட்டாவதில் ‘தொலைந்ததற்கான காரணம் (வருந்துகிறீர்களா? ஆம்/இல்லை)’.

“இன்னும் தொலையலையேம்மா.”

“தொலையறதுக்கு முன்னாடி பாதுகாக்கற வாரியம்ங்க இது. தொலைஞ்சப்புறம் வந்தீங்கன்னா, ஏன் முன்கூட்டியே சொல்லலைன்னு கேப்போம்.”

அதிலும் நியாயம் இருப்பதாக மெக்கானிக்குக்குப் பட்டது. தேதிக்கு ‘இந்த வாரம்’ என்று எழுதினார்.

“அது முடியாது,” என்றார் அம்மாள். “அனுமதி வர இருபத்தொரு வேலை நாள் ஆகும். அதுக்கப்புறம் ஒரு தேதி போடுங்க.”

மெக்கானிக் அடுத்த மாதம் பத்தாம் தேதி போட்டார். அம்மாள் முத்திரை குத்தினார். “ஞாபகம் வச்சுக்குங்க, அதுவரைக்கும் உங்க டிஸ்க் கெடக்கூடாது. கெட்டா பொய்த் தகவல் குடுத்ததா ஆயிடும். இன்னொண்ணு, விண்ணப்பம் நிலுவையில இருக்கும்போது நகல் எடுத்தா குத்தம்.”

வீட்டில் மனைவி இதைக் கேட்டுவிட்டு இடுப்பில் கை வைத்துக்கொண்டார். “நான் பேசாம என் ஃபோன்ல ஏத்திக்கறேன்.”

“வேண்டாம்மா. விண்ணப்பம் ரத்தாயிடும்.”

அவர் சுபாவம் அப்படி. லிஃப்டில் எட்டுப் பேர் என்று எழுதியிருந்தால், எட்டாவது ஆள் கைக்குழந்தையாகவே இருந்தாலும், படியில் நடந்து போகிறவர். டொக் டொக் என்று பெட்டி முனகிக்கொண்டிருந்தது. மனைவி அதன்மேல் ஒரு மருத்துவமனை விரிப்பைப் போர்த்தினார். காய்ச்சல்காரனுக்குப் போர்த்துவது போலிருந்தது.

வியாழக்கிழமை வாரியத்தின் ஆய்வாளர் உதவியாளரோடு வந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டுக் கம்ப்யூட்டரைத் திறந்தார். நெற்றி சுருங்கியது.

“புதிய கோப்புறை. புதிய கோப்புறை ரெண்டு. புதிய கோப்புறை மூணு…” பதினேழு வரை உரக்க வாசித்தார். “இதுல புதுசு எது?”

“எதுவுமே புதுசில்லைங்க,” என்றார் மெக்கானிக். “ஆரம்பத்துல புதுசா இருந்துச்சு.”

“பொய்ப்பெயர், பதினேழு. எழுதிக்கோ,” என்றார் ஆய்வாளர் உதவியாளரிடம். “இது என்ன? ‘விடுப்புக் கடிதம் கடைசி’. ‘விடுப்புக் கடிதம் நிஜமாவே கடைசி’. ‘இதுக்கு மேல முடியாது’. எது கடைசி?”

“அதை எங்க மேலதிகாரிகிட்டதான் கேக்கணும்,” என்றார் மனைவி.

ஆய்வாளர் பெருமூச்சு விட்டார். அவரும் எங்கோ ஓர் அதிகாரிக்குக் கடிதம் எழுதுகிறவர்தான். அடுத்து, உள்ளடக்கச் சரிபார்ப்புக்காக ஏதாவது ஒரு வீடியோவைத் திறக்க வேண்டும் என்றார். கை போன போக்கில் திறந்தது அந்த வீடியோ.

எட்டு விநாடி வரை ஆய்வாளர் கடமை தவறாமல் பார்த்தார். ஷட்டர் திறந்ததும் அவர் தோள் குலுங்கியது. இருபதாவது விநாடியில் உதவியாளர் சுவரைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். ஐம்பத்திரண்டாவது விநாடியில் ஆய்வாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “இதைச் சரியாச் சரிபார்க்கணும்” என்று மறுபடியும் போட்டார். ஐந்து முறை சரிபார்த்தார். பிறகு மெக்கானிக்கை மேலும் கீழும் பார்த்தார்.

“அந்த நாற்காலி ஆள்… நீங்களா?”

“ஆமாங்க.”

ஆய்வாளர் எழுந்து கை குலுக்கினார். பிறகு வீடியோவைத் தன் ஃபோனுக்கு ஏற்றிக்கொண்டார்.

“நகல் எடுக்கறது குத்தம்னு சொன்னாங்களே?” என்றார் மனைவி.

“இது நகல் இல்லைங்க. பதிவு.”

“என்ன வித்தியாசம்?”

“நீங்க எடுத்தா நகல். நாங்க எடுத்தா பதிவு.”

போகும்போது உதவியாளர் கம்ப்யூட்டரின் துளைகளிலெல்லாம் வாரியத்தின் சிவப்புத் தாளை ஒட்டினார். பின்னாலிருந்த காற்றுத் துளைகளையும் விடவில்லை.

“ஐயா, அது சூடு போற வழி,” என்று பதறினார் மெக்கானிக்.

“சூடு போற வழியில தகவல் போகாதுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?” என்றார் ஆய்வாளர். அன்று மாலைக்குள் ‘டொக்’ என்பது ‘டொக் டொக் டொக்’ ஆகிவிட்டது.

அடுத்த செவ்வாய்க்கிழமை தெருக்கோடி மண்டபத்தில் ‘இழப்பு ஒத்திகை’ என்று அறிவிப்பு வந்தது. ஒன்பது வீட்டுக் கம்ப்யூட்டர்களைத் தள்ளுவண்டியில் ஏற்றி வந்து மேடையில் வரிசையாக வைத்தார்கள். எல்லாவற்றிலும் சிவப்புத் தாள். ஒன்று லேசாகப் புகைந்துகொண்டிருந்தது. வாரியத்தின் இயக்குநர் மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டுப் பேசினார்.

“பெரியோர்களே, தாய்மார்களே! எங்க வாரியம் தொடங்கி ஒன்பது வருஷம் ஆகுது. இந்த ஒன்பது வருஷத்துல ஒரே ஒரு ஃபைலைக்கூட நாங்க மீட்டதில்லைன்னு பெருமையோட சொல்லிக்கறேன். ஏன்? தன் ஃபைல் தொலைஞ்சு போச்சுன்னு விதிப்படி நிரூபிச்சவங்க ஒருத்தர்கூட இல்லை! தொலைஞ்சதை நிரூபிக்கணும்னா தொலைஞ்ச ஃபைலைக் கொண்டுவந்து காட்டணும். கொண்டுவந்துட்டா அது தொலையலை. இவ்வளவு பத்திரமான ஏற்பாடு வேற எங்கயாவது உண்டா?”

மண்டபம் கைதட்டியது. கைதட்டினால்தான் கம்ப்யூட்டரைத் திருப்பித் தருவார்கள் என்று யாரோ கிளப்பிவிட்டிருந்தார்கள்.

“மீட்கறது எப்படின்னு தெரியணும்னா முதல்ல தொலைக்கத் தெரியணும். இன்னைக்கு அதைத்தான் செஞ்சு காட்டப்போறோம்.”

குலுக்கிப் போட்டதில் மெக்கானிக்கின் பெட்டி வந்தது. ஆய்வாளர் அதன் டிஸ்க்கைக் கழற்றினார். ஒருதரம் கை தவறியது. “ஒத்திகைதான்” என்று சொல்லிப் பொறுக்கி எடுத்து இரும்புப் பெட்டிக்குள் பூட்டினார். பத்து நிமிடம் அது தொலைந்துபோனதாகக் கருதப்பட்டது. ஒரு மணி அடித்தார்கள். இப்போது நகலிலிருந்து மீட்க வேண்டும். அனுமதி வராததால் நகல் கிடையாது. பதிவேட்டில் எழுதினார்கள்: ‘இழப்பு, முழு வெற்றி. மீட்பு, நிலுவையில்.’

டிஸ்க்கைத் திரும்ப மாட்டினார்கள். மெக்கானிக் காதை வைத்துக் கேட்டார். டொக்கும் இல்லை, ஒன்றும் இல்லை.

“பாத்தீங்களா,” என்றார் ஆய்வாளர், “சத்தம் நின்னுடுச்சு.” அவர் ஃபோனிலிருந்த பதிவையாவது கொடுங்கள் என்று மனைவி கேட்டதற்கு, வெளியே கொடுத்தால் அது நகலாகிவிடும் என்று மறுத்துவிட்டார்.

அன்று இரவு மனைவி சாப்பாட்டு மேசையில் ஒரு துண்டை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். கடைசியில், “இருக்கறப்போ பேசத்தான் கொடுத்து வைக்கலை, சிரிச்ச முகத்தையாவது அவளுக்குக் காட்டணும்னு இருந்தேன்” என்றார். லிஃப்ட் மெக்கானிக் தன் வாழ்நாளில் பலரை இரண்டு மாடிகளுக்கு நடுவிலிருந்து பத்திரமாக இறக்கியிருக்கிறார். இதற்கு என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை. மறுநாள் காலை மீட்பு விசாரணைக்கு மனுக் கொடுத்தார்.

விசாரணை வெள்ளிக்கிழமை நாலாவது மாடியில் நடந்தது. தங்கை அன்று மாலை வருகிறாள். மனைவி விடுப்பு எழுதிக்கொடுத்துவிட்டு (நிஜமாகவே கடைசிக் கடிதம்) கூடவே வந்தார். இயக்குநர் நடுவில் உட்கார்ந்திருந்தார். ஒரு பக்கம் ஆய்வாளர், மறுபக்கம் எழுத்தர் அம்மாள். வாசலில் காவலாளி.

“அப்படி ஒரு ஃபைல் இருந்ததுக்கு என்ன ஆதாரம்?” என்றார் இயக்குநர்.

“உங்க ஆய்வாளரே பார்த்தாரே! அஞ்சு தடவை! ஃபோன்லயும் ஏத்திக்கிட்டாரே!”

ஆய்வாளர் கூரையைப் பார்த்தார். “பதிவை ஆதாரமா காட்ட விதியில்லைங்க ஐயா. பார்த்தது எல்லாம் அறிக்கையில இருக்கு. அறிக்கைக்கு மூணு நகல் எடுத்து வச்சோம். மேல தண்ணித் தொட்டி ஒழுகி மூணும் கூழாயிடுச்சு.”

“மூணுமா? ஒரே இடத்திலயா வச்சீங்க?”

“இல்லைங்க ஐயா,” என்றார் அம்மாள் பணிவாக. “அலமாரியில மூணு தட்டு. மேல் தட்டு, நடுத் தட்டு, கீழ்த் தட்டு.”

“ரெண்டு வகைப் பெட்டி?”

“ஒண்ணு தகரம், ஒண்ணு அட்டை.”

“ஒண்ணு வேற வீட்ல இருக்கணுமே?”

“கீழ்த் தட்டு காவலாளியோடது ஐயா. அவர் அங்கதான் சாப்பாட்டுப் பாத்திரம் வைப்பார். அதை அவர் வீடுன்னு கணக்கில எடுத்துக்கிட்டோம்.”

இயக்குநர் திருப்தியோடு தலையசைத்தார். “விதி மீறல் எதுவும் இல்லை.” பிறகு தீர்ப்பை வாசித்தார். “ஃபைல் இருந்ததற்கு ஆதாரம் இல்லாத காரணத்தால், அந்த வீடியோ எடுக்கப்படவில்லை என்றும், ஆகவே மனுதாரரின் மாமனார் சிரிக்கவில்லை என்றும் வாரியம் முடிவு செய்கிறது.”

மனைவி எழுந்து நின்றார். “எங்கப்பா சிரிச்சார்,” என்றார். குரல் உயரவில்லை. “என் ரெண்டு கண்ணாலயும் பார்த்தேன். நீங்க எல்லாரும் சேர்ந்து இல்லைன்னு முத்திரை குத்தினாலும் சிரிச்சார்.”

இயக்குநர் முத்திரையை மையில் அழுத்திக் கையை உயர்த்தினார்.

அப்போது எங்கிருந்தோ துருப்பிடித்த ஷட்டரைத் தூக்கும் சத்தம் கேட்டது.

எல்லோரும் ஜன்னலைப் பார்த்தார்கள். சத்தம் ஜன்னலிலிருந்து வரவில்லை. இயக்குநரின் சட்டைப் பையிலிருந்து வந்தது. அவர் ஃபோனை யாரோ அழைக்கிறார்கள். எட்டு விநாடி கழித்து ஷட்டர் முழுசாகத் திறந்துகொண்டது. காலமான பரீட்சை அதிகாரி, வாரியத்தின் நாலாவது மாடியில், வாய்விட்டுச் சிரித்தார்.

இயக்குநர் ஃபோனை அணைக்கப் பார்த்தார். ஆனால் அவருக்குத் தோள் குலுங்க ஆரம்பித்துவிட்டது. விரல் பொத்தானில் நிற்கவில்லை. ஆய்வாளர் வாயைப் பொத்திக்கொண்டு மேசைக்கடியில் குனிந்தார். எழுத்தர் அம்மாள் “இதே… இதே இடத்திலதான் எனக்கும்…” என்று சொல்ல முயன்று முடியாமல் மூக்கைச் சிந்தினார். முத்திரை உருண்டு போய்த் தீர்ப்பின்மேல் மூன்று இடத்தில் தானாகவே குத்திக்கொண்டது. மெக்கானிக் எவ்வளவோ அடக்கினார்; தன் அவமானத்தைத் தானே கேட்டுச் சிரிக்கும்படி ஆயிற்று. அவர் மனைவி அழுதுகொண்டே சிரித்தாரா, சிரித்துக்கொண்டே அழுதாரா என்று பிரித்துச் சொல்ல முடியாது.

வாசலில் நின்ற காவலாளி ஃபோனை எடுத்துக்கொண்டு உள்ளே வந்தார். “ஐயாகிட்ட சிரிப்பு மட்டுந்தாங்க இருக்கு. என்கிட்ட முழுசா இருக்கு, நாற்காலியோட.”

“உனக்கு யார் குடுத்தது?” என்றார் இயக்குநர், மூச்சு வாங்கியபடி.

“கேன்டீன் அக்கா.”

கேன்டீன் அக்காவுக்கு ஓட்டுநர். ஓட்டுநருக்கு எழுத்தர் அம்மாள். அம்மாளுக்கு ஆய்வாளரின் மனைவி. விசாரணை அங்கேயே திசை மாறி, இரண்டு மணி நேரம் நடந்தது. மொத்தம் நாற்பத்து மூன்று நகல்கள், நாலு வகைக் கருவிகளில், இருபத்தாறு வீடுகளில், எல்லாமே அனுமதியில்லாதவை. வாரியத்தின் பாதுகாப்பில் இருந்த மூன்று அறிக்கை நகல்கள் மட்டும்தான் போய்விட்டன.

இயக்குநர் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். “வாரிய வரலாற்றிலேயே முதல் மீட்பு,” என்று அறிவித்தார். “விதி கேட்டது மூணு நகல். நாம எடுத்தது நாப்பத்தி மூணு. இதை ஆண்டறிக்கையில முதல் பக்கத்துல போடுங்க.”

“அனுமதியில்லாத நகல்னு போடவா ஐயா?” என்றார் அம்மாள்.

“பதிவுன்னு போடுங்க.”

மனைவி காவலாளியிடம் தன் ஃபோனை நீட்டினார். வீடியோ வந்து சேர மூன்று விநாடி ஆயிற்று. “அந்த கேன்டீன் அக்காவையும் அனுப்பச் சொல்லுங்க. ஓட்டுநரையும்,” என்றார். விரிப்புகளை எண்ணுகிறவர் அல்லவா. எல்லோரும் மெக்கானிக்கோடு படம் எடுத்துக்கொண்டார்கள். அவரை உட்காரச் சொல்ல மட்டும் யாருக்கும் தைரியம் வரவில்லை.

பதினோராயிரம் புகைப்படங்களில் பாதிக்கு மேல் போனது போனதுதான். மீதியைப் பழுது பார்க்கிறவர் ஒருவர் இரண்டு வாரத்தில் மீட்டுக் கொடுத்தார். அதில் நூற்றுக்கணக்கானவை மெக்கானிக்கின் கட்டைவிரல். அன்று திரும்பும் வழியில் அவர் கடைக்குப் போய் டிஸ்க்கைக் கேட்டார். அனுமதிச் சீட்டு இல்லை என்று அவரே சொன்னார். கடைக்காரர் அவரை ஒருதரம் உற்றுப் பார்த்துவிட்டு, ரசீதில் ‘புத்தகம் சாயாமல் நிறுத்தும் கட்டை, இரண்டு’ என்று எழுதினார். மெக்கானிக் கண்ணைக்கூடச் சிமிட்டாமல் கையெழுத்துப் போட்டார்.

மாலையில் தங்கை வந்தாள். பையைக் கீழே வைக்கக்கூட விடாமல் அக்கா அவளைச் சமையலறை மேசையில் உட்காரவைத்து ஃபோனைக் கையில் கொடுத்தார். தங்கை ஐம்பத்திரண்டு விநாடியும் பார்த்தாள். சிரிக்கவில்லை. திரும்பவும் போட்டாள். நடுவில் ஓரிடத்தில் நிறுத்தி, விரலால் படத்தைப் பெரிதாக்கினாள். மீசை மேலே ஏறி, அப்பாவின் வாய் முழுசாகத் திறந்திருந்தது.

“அக்கா, அப்பாவுக்கு முன்பல்லுக்கு நடுவுல இடைவெளி இருந்துச்சா?”

“இருந்துச்சே.”

“என்னை மாதிரியே?”

“உன்னை மாதிரியேதான்டி. அதைத்தானே ஆறு வருஷமா வந்து பாரு, வந்து பாருன்னு கத்திட்டிருக்கேன்.”

தங்கை தன் பல்லை நாக்கால் ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டாள். பிறகு மெதுவாக, மேலே ஏற மறுக்கும் பழைய ஷட்டர் போல, அவள் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் கிளம்பியது.